பௌர்ணமிக்குக் கூட்டிய மெமரி

பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கம்ப்யூட்டர் பற்றித் தெரிந்ததெல்லாம் வேலையில் பார்த்துப் பழகியதுதான். திருவண்ணாமலையில் லாட்ஜுகளுக்கு வைஃபை கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. முதலில் புகார் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாதவர்கள் கத்தினால் எனக்குப் பேச்சே வராது. முதலாளி பார்த்துவிட்டு என்னை சர்வர் அறைக்கு மாற்றினார். ஏசி குளிர், விசிறிச் சத்தம், பேச ஆளில்லை. அந்த அறை எனக்குப் பிடித்துப்போனது.

சர்வரின் உள்வேலையைச் சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் பார்த்துக்கொள்வார். என்னைவிடச் சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் சார் என்பேன். சர்வர் படுத்துவிட்டால், மறுபடி எழுவதற்குள் அந்த நேரம் மெமரியில் இருந்ததையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். அதை டம்ப் என்பார்கள். ஏன் படுத்தது என்பதை அதைப் படித்துத்தான் அவர் கண்டுபிடிப்பார்.

ஒரு பௌர்ணமி மத்தியானம். கிரிவலக் கூட்டத்தில் லாட்ஜெல்லாம் நிரம்பி, ஆளாளுக்கு லாகின் செய்ய, சர்வர் திணறியது. இன்ஜினியர் போனை எடுக்கவில்லை. சர்வரை நிறுத்தாமலே திரையில் தட்டி மெமரியைக் கூட்டலாம் என்பதை, அவர் ஒருமுறை செய்தபோது பார்த்திருந்தேன். அதேபோல் தட்டினேன். வேகம் வந்தது. சாயங்காலம் சர்வர் படுத்தது. பயந்துபோய், மறுநாள் காலையில் மெமரியைப் பழையபடி குறைத்துவிட்டேன்.

"அக்கா, டம்ப் அரைகுறையா இருக்கு. ஏதாவது மாத்துனீங்களா?"

"இல்லைங்க சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. நான் தொட்டதால்தான் படுத்தது என்று நினைத்தேன். அடுத்த பௌர்ணமிக்கும் கூட்டாமல் முடியவில்லை. கூட்டினேன், படுத்தது, டம்ப் அரைகுறை. மூன்றாவது பௌர்ணமியும் அப்படியே போனது.

முதலாளி அறை வாசலில் வந்து நின்றார். "இன்னொரு பௌர்ணமிக்குப் படுத்துச்சுன்னா லாட்ஜுக்காரங்க வேற ஆளைப் பார்த்துடுவாங்கம்மா. அப்புறம் நீங்களும் நானும் கிரிவலப் பாதையில சுண்டல் விக்க வேண்டியதுதான். நீங்க கூவ மாட்டீங்க, அதுவும் ஓடாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இந்த அறை போனால் மறுபடி ஏதாவது போன் முன்னால்தான் உட்கார வேண்டும்.

வாயால் சொல்ல முடியாது என்று இன்ஜினியருக்கு எழுதினேன். நாலு முறை அழித்துவிட்டு ஒரு வரி அனுப்பினேன்: "பௌர்ணமிக்கு மெமரி கூட்டினது நான்தான் சார்."

உடனே போன் வந்தது.

"எத்தனை தடவைக்கா?"

"மூணு தடவையும்."

அவர் சிரித்துவிட்டார். "மூணு மாசமா தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன்க்கா! முடி ஏற்கனவே கம்மி."

விளக்கமும் சொன்னார். சர்வர் எழும்போதே தன்னிடம் எங்கெங்கே எவ்வளவு மெமரி இருக்கிறது என்று டம்புக்காக ஒரு பட்டியல் போட்டு வைக்கும். நடுவில் கூட்டினால் அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. "உங்க ஊர் லாட்ஜுல கூட்டம் ஜாஸ்தின்னு மத்தியானம் மாடி ஹாலைத் திறந்து விடுறாங்க இல்ல? காலையில எழுதின ரூம் லிஸ்ட்டுல அந்த ஹால் இருக்காது. அதை வெச்சுக்கிட்டு ஆளுங்களை எண்ணினா, ஹால்ல படுத்திருக்கிறவங்க விட்டுப்போயிடுவாங்க. அப்படித்தான்."

மெமரி கூடினாலும் குறைந்தாலும் பட்டியல் உடனே புதிதாகும்படி அவர் அன்றைக்கே மாற்றி வைத்தார்.

அடுத்த பௌர்ணமிக்கு அவரிடம் சொல்லிவிட்டே கூட்டினேன். சாயங்காலம் சர்வர் படுத்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சர்வர் தானாக எழுந்தது. இன்னும் ஒரே ஒரு பௌர்ணமி பாருங்கள் என்று முதலாளி லாட்ஜுக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். டம்ப் முழுசாக இருந்தது. கூட்டம் அதிகமானால் நெட்வொர்க் கார்டை ஓட்டும் புரோகிராம் தடுமாறுகிறது என்று இன்ஜினியர் அதைப் படித்துக் கண்டுபிடித்து, மறுநாளே வேறு புரோகிராம் போட்டார். "நீங்க கூட்டினதுல தப்பு இல்லக்கா. சொல்லாததுதான்."

அதற்கடுத்த பௌர்ணமி முழுக்க சர்வர் அசையவில்லை. முதலாளி சுண்டல் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். "விக்கிறதுக்கு இல்லம்மா, சாப்பிடத்தான்."

இப்போது எதை மாற்றினாலும் இன்ஜினியருக்கு எழுதிவிடுகிறேன். போன வாரம், "ஏசிக்குப் புது ஸ்டெபிலைசர் வெச்சாங்க சார்" என்று அனுப்பினேன்.

"அது எனக்கு எதுக்குக்கா?" என்று பதில் வந்தது. அதன் கீழேயே இன்னொன்று: "பரவாயில்ல, சொல்லுங்க."