இடப்பக்கம் இழுத்த விமானம்

ஆயுத பூசையன்று அந்த இரண்டு பெடல்களுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் இட்டவன் நான்தான். என் மனைவியின் தம்பி வேண்டாமென்றார். பயன்படும் கருவி எதுவாயினும் பூசைக்குரியது என்று வற்புறுத்தினேன். வளைகுடா விமான நிலையமொன்றில் விமானங்களை வண்டியில் பூட்டி இழுத்துச் செல்லும் பணியிலேயே காலம் கழித்தவர் அவர். ஒன்றையேனும் தம் கையால் மேலெழுப்ப வேண்டும் என்னும் ஏக்கத்தோடு, கீரமங்கலம் வீட்டு முன்னறையில் கணினி, கைப்பிடி, பெடல்கள் எல்லாம் பொருத்தித் திரையில் விமானம் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார்.

பூசைக்கு மறுவாரம், விமானம் ஓடுபாதையில் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. வேகம் பிடித்ததும் புல்லில் இறங்கிவிடும்.

“ஒங்க சந்தனம் உள்ள போயி காஞ்சு கெடக்கு அத்தான். பிளேனு வயக்காட்டுக்குப் போவுது பாருங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கோ அன்று முதல் வழிபாட்டில் மனம் ஒன்றவில்லை. நாள்தோறும் அவரோடு போய் அமர்ந்தேன். திருகுகளைக் கழற்றித் துடைத்தோம். கம்பியை வேறு துளையில் செருகினோம். பெடல்களின் அசைவைக் கணினியில் புதிதாகப் பதிந்தோம். கைப்பிடியைத் திருகினாலும் விமானம் திரும்புமாதலால், அந்த இணைப்பையும் நீக்கினோம். ஒற்றை எஞ்சின் விமானம் இயல்பாகவே இடப்பக்கம் இழுக்கும், வலது பெடலை மிதித்தே நேராக்க வேண்டும் என்று அவரே விளக்கினார். மிதித்தும் பயனில்லை.

ஐந்தாம் நாள் சலித்துப்போய், “நீங்க ஒருக்கா ஒக்காந்து பாருங்க,” என்றார். அமர்ந்து வலது பெடலை மிதித்தேன். விமானம் நடுக்கோட்டை விட்டு விலகாமல் ஓடியது. என் சந்தனத்தின்மேல் குற்றமில்லை! பொங்கிய மகிழ்ச்சியை நான் மறைக்கவும் இல்லை.

“பாத்தீங்களா மாப்ள? ஓட்டத் தெரியாம சாமி மேல பழி போடுறீங்க!”

அவர் முகம் சுருங்கியது. மீண்டும் தாமே அமர்ந்தார். இம்முறை நான் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து பெடலைப் பார்த்தேன்.

“மிதிங்க மாப்ள.”

“மிதிச்சுக்கிட்டுத்தான அத்தான் இருக்கேன்.”

பெடல் அசையவில்லை. பாதம் அதன்மேல் சும்மா கிடந்தது. அந்தப் பாதத்தை விரலால் அழுத்தினேன், அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையிலும் அந்தக் காலால் பிரேக் பிடித்துத்தான் என்னைப் பைக்கில் அழைத்து வந்திருந்தார். மேசையிலிருந்த பைக் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

சர்க்கரை நோய் கால் நரம்புகளைத் தின்றுவிட்டதாக மருத்துவர் சொன்னார். நீக்கிய இணைப்பை மீண்டும் கொடுத்து, கைப்பிடியைத் திருகியே அவர் விமானத்தை மேலெழுப்பிவிட்டார். இப்போது நாள்தோறும் பறக்கிறார். எனக்குத்தான் அமைதியில்லை. இறைவனின் திருவடியைப் போற்றும் பாடல்களை விடியலில் ஓதத் தொடங்கினால், பெடலின்மேல் கிடந்த அந்தப் பாதம் முன்னே வந்து நிற்கிறது. கூடவே, அன்று நான் அடைந்த மகிழ்ச்சியும் வருகிறது. அடுத்த அடி நாவில் எழ மறுக்கிறது.