பெண்டாட்டி கேட்டாலும் சொல்லாதீங்க

போன் எடுக்கிற வேலையில் முதலில் கற்றுக்கொள்வது, நாம் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பது. செய்த தப்புக்கு எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. யார் யாருக்காகவோ காதில் திட்டு வாங்கிச் சம்பளம் வாங்கும் என் சகோதரிகளுக்கு இது புரியும்.

நான் பத்தாவது வரை படித்தவள். பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகிப் போன பிறகு, ஆட்டையாம்பட்டியில் பஸ் ஏறி சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போகிறேன். அங்கே ஐந்து பேர், சனங்கள் போனிலேயே பணம் சேர்த்து வைக்க ஒரு ஆப் செய்கிறார்கள். வாடிக்கையாளர் கூப்பிட்டால் நம் பேச்சில் பதில் சொல்வது என் வேலை. மாதக் கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து, இந்த மாதம் என்ன முன்னேற்றம் என்று பேசுவோம்.

மேனேஜரைக் கூப்பிடுங்க

இந்த ஆப்பில் நடுவில் வங்கி கிடையாது. அவரவர் பணத்துக்கு அவரவரே காவல். பெட்டிக்குச் சாவி போலப் பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்கள் கொடுப்பார்கள். போன் தொலைந்தாலும் புதுப் போனில் அந்தச் சொற்களை வரிசையாகப் போட்டால் பணம் வந்துவிடும். சொற்கள் தொலைந்தால் பணமும் போனதுதான். எங்கள் ஆபீசில்கூட யாராலும் திறக்க முடியாது.

இதைப் புதுச்சத்திரத்துக்காரர் ஒருவருக்கு அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில் மேனேஜரைக் கூப்பிடச் சொன்னார். இதுக்கு மேனேஜரே கிடையாதுங்க என்றேன். அவர் கேட்டார்:

“மேனேஜரே இல்லாத எடத்துல நீங்க எதுக்குங்க அம்மிணி இப்படிப் பயந்து பயந்து பேசறீங்க?”

என் வரி

சொற்களைக் காட்டும் பக்கத்தில், ‘மீட்புச் சொற்றொடரைப் பகிர வேண்டாம்’ என்று போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. லாரி ஓட்டும் ஒருவர் போனிலேயே பன்னிரண்டு சொல்லையும் எனக்கு ஒப்பித்துவிட்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் பதறிப் போய் நித்யாவிடம் ஓடினேன். ஐந்து பேருக்கும் தலைவி அவள், என் மகள் வயது.

“நீங்களே எழுதுங்கம்மா” என்றாள். எழுதினேன்: ‘பன்னிரண்டு சொல்லையும் யாருகிட்டயும் சொல்லாதீங்க. பெண்டாட்டி கேட்டாலும் சொல்லாதீங்க.’ எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு அந்த மாதிரிப் போன் ஒன்றுகூட வரவில்லை. மாதக் கூட்டத்தில் எனக்குக் கை தட்டினார்கள். நித்யா சொன்னாள்:

“நாங்க அஞ்சு பேரும் எழுதுனதை விட, உங்க ஒரு வரிதாம்மா இந்த மாசம் வேலை செஞ்சிருக்குது.”

கொடிக்கால் மந்திரம்

செல்லமுத்து அண்ணன் பரமத்தி வேலூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். சும்மாவே கூப்பிட்டுப் பேசுவார். அந்த வரி நான் எழுதியதுதான் என்று அவரிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன். சொற்களை மனப்பாடம் செய்துவிட்டாராம். தினமும் காலையில் தண்ணீர் பாய்ச்சும்போது ஒருமுறை சொல்லிக்கொள்வாராம். எழுதிய காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டார். மனைவி பாப்பாத்திக்கு முட்டி ஆபரேஷன் செய்ய அந்தப் பணம். மனைவிக்கு முன்னாலேயே தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லி, அதையும் தோட்டத்திலேயே போடச் சொல்லிவிடுவாராம்.

நல்ல காரியம் பண்ணீங்கண்ணா என்றேன். ஆமாம், அந்தக் காகிதத்தை எரித்ததைத்தான் நல்ல காரியம் என்றேன். அவருக்கு ஒரே பெருமை:

“நீங்க எழுதுன மாதரயே, ஊட்டுக்காரி கேட்டும் சொல்லலீங்க!”

அந்த அம்மா

தை கழிந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். “செல்லமுத்து சம்சாரமுங்க” என்றார். கொடிக்காலில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் விழுந்திருக்கிறார். தூக்கும்போதே உயிர் இல்லை. சட்டைப்பையில் இருந்த போனும் தண்ணீரில் போய்விட்டது. புதுப் போனில் ஆப்பைப் போட்டால் பன்னிரண்டு சொல் கேட்கிறதாம்.

கம்ப்யூட்டரில் எழுதும் கார்த்தியிடம் கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினான். “யாராலயும் திறக்க முடியாதுங்கறதுதானேம்மா நம்ம பெருமையே” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். நான் போனுக்குத் திரும்பி வந்தேன். அவரே முதலில் பேசினார்:

“எங்கிட்டச் சொல்லப்படாதுன்னு ஆரோ ஒரு அம்மா சொல்லிச்சுன்னு சிரிப்பாருங்க. அந்த அம்மாளைக் கேட்டா ஏதாச்சும் வழி தெரியுமுங்களா?”

மாதம் ஒரு சொல்

நான்தான் அது என்று சொல்ல வாய் வரவில்லை. மாசாமாசம் ஆப்பில் புதுசா ஏதாவது வருமுங்க, கேட்டுப் பாருங்க என்றேன். பொய். அவர் நம்பி மாதக் கடைசியில் தவறாமல் கூப்பிட்டார். வெறுங்கையோடும் வரவில்லை. கணவர் கொடிக்காலில் முணுமுணுத்தது ஏதோ சாமி மந்திரம் என்றுதான் நினைத்திருந்தாராம். இப்போது யோசித்து யோசித்து மாதம் ஒன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தார். முதலில் அம்ப்ரல்லா. அடுத்த மாதம் ரிவர். பிறகு கிச்சன்.

அந்த மூன்றையும் வீட்டில் சாமி விளக்கு முன்னால் சொல்லிக் கும்பிட்டேன். மீதி ஒன்பதையும் நீதான் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

நாலாவது மாதமும் கூப்பிட்டுச் சொன்னார்:

“இந்த மாசம் ஒன்னும் வரலீங்க அம்மிணி. அவரு மொகந்தான் வந்துச்சு.”

முன்னேற்றம்

அந்த மாதக் கூட்டத்தில் நித்யா சுவரில் ஒரு படம் காட்டினாள். போட்ட பணத்தை எடுக்காமல் விட்டு வைத்திருப்பவர்கள் கூடியிருக்கிறார்களாம். நம் மேல் நம்பிக்கை வளர்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். நான் எப்போதும் கூட்டத்தில் பேசமாட்டேன். அன்றைக்குக் கேட்டேன், அதில் செல்லமுத்து அண்ணனும் இருக்கிறாரா கண்ணு? கார்த்தி தேடிப் பார்த்தான். இருந்தார்.

அன்றே என் வரியை அழித்தோம். ‘எழுதி வையுங்கள். எங்கே வைத்தீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்’ என்று மாற்றினோம். செல்லமுத்து அண்ணனைப் பற்றி மாத அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேட்டேன். நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“அதுக்கு இதுல கட்டமே இல்லீங்கம்மா.”

வேலூர் பஸ்

லீவு போட்டு, நாமக்கல்லில் பஸ் மாறி, பரமத்தி வேலூர் போனேன். பாப்பாத்தி அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து காபி கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மா நான்தானுங்க என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், வாங்கிப் பழகிய காதுதான். “அந்தப் பணம் எதுக்குன்னாவது உங்ககிட்டச் சொன்னாருங்களா?” என்றார்.

உங்க முட்டிக்குத்தானுங்க என்றேன். அவர் கை தானாக முட்டியில் போய் நின்றது.

“வலிக்குதுன்னு நான் அவருகிட்ட ஒரு நாளும் சொன்னதில்லீங்களே.”

யாராலும் திறக்க முடியாத பெட்டி ஒன்றைச் செய்ய எங்கள் ஆபீசில் படித்த ஐந்து பேருக்கு இரண்டு வருடம் ஆனது. பத்தாவது படித்த எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.