முட்டுக்காட்டில் மணல் தட்டிய படகு

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் பத்துப் பேர் இருந்தோம். அறைகள் இரண்டுதான். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியும் நானும் என் கணவரும் தனியாகப் பேச ஓர் இடம் கிடையாது. திருவான்மியூர்ப் பக்கம் சின்னதாக ஒரு வீடு பார்த்துத் தனிக்குடித்தனம் போய்விட வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை. அதை அவரிடம் சொல்வதற்காக நான் கடலில் அலைந்தேன் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள்.

அவருக்குப் பாய்மரப் படகுப் பைத்தியம். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய மரப்படகு அடையாற்று முகத்துவாரத்தில் கட்டிக் கிடந்தது. லீவு கிடைத்தால் போதும், தெற்கே கிளம்பிவிடுவார். நானும் தூக்கில் புளியோதரையை அடைத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். அப்போதெல்லாம் திருவான்மியூரைத் தாண்டினால் சவுக்குத் தோப்பும் மணலும்தான். படகு ஓடும்போது வாயைத் திறக்க முடியாது. "கயித்தைப் பிடி", "தலையைக் குனி" என்பதோடு எங்கள் தாம்பத்தியப் பேச்சு முடிந்துவிடும். அலை இல்லாத இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டால்தான் உண்டு. அந்தக் கரையிலோ ஒதுங்க இடமே இல்லை. திறந்த கடலில் நின்றால் நான் வாந்தி எடுப்பேன். தப்பித்தவறி ஒரு கழிமுகம் அகப்பட்டால் அவர் குறட்டை விடுவார். எனக்கு அலுத்துப்போய்விட்டது.

அந்தப் பங்குனியில் அவர் ஆபீசுக்கும் என் ஆபீசுக்கும் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. ஞாயிறு சாயங்காலம் முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்குள் நுழைந்தோம். தண்ணீர் அசையவே இல்லை. வழக்கம்போல அவர் அசந்து தூங்கினார். திங்கட்கிழமை கண்விழித்தபோது ராகுகாலம் தொடங்கிவிட்டது. ராகுகாலத்தில் நங்கூரம் எடுப்பதில்லை என்று என் மாமியாருக்கு வாக்குக் கொடுத்துத்தான் அவர் கடலுக்கே வந்துகொண்டிருந்தார்.

"தண்ணி வடியறதே, கிளம்பிடலாமே" என்றேன்.

"அம்மா கேட்டா என்னடி சொல்றது?"

காத்திருந்தோம். ராகுகாலம் முடிந்து பாயை ஏற்றினால், முகத்துவாரத்தைத் தாண்டுவதற்குள் படகு மணலில் உட்கார்ந்துவிட்டது. இருவரும் இறங்கித் தள்ளினோம். அசையவில்லை. மறுபடி தண்ணீர் ஏறும்வரை நகர முடியாது என்று தெரிந்ததும் நான் ஈரப் புடவையோடு விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் தூங்கவில்லை, காற்றும் இல்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் பாயை இறக்கிச் சுருட்டிக் கட்டினார்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஆனா அம்மாகிட்ட யார் சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும்."

"என்னால முடியாது. நீயே சொல்லிடேன்."

ஆள் உயர அலையில் சிரித்துக்கொண்டு படகு விடுகிற மனுஷன் இவர். கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை. பிற்பகலில் தண்ணீர் ஏறியது, தெற்குக் காற்று எழுந்தது, ஊர் திரும்பினோம்.

மறுநாள் காலையில் மாமியார் சமையலறையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேஷாப் போங்கோ. எப்போ கேப்பேள்னு நானும் பார்த்துண்டே இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் போனா நான் சித்த நேரம் காலை நீட்டிப் படுப்பேன்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாழைக்காய் நறுக்கி முடிப்பதற்குள் தீர்ந்துபோகிற பேச்சு அது. இதற்கா ஊர் உலகத்தில் இல்லாத துறையெல்லாம் தேடிக் குடல் வெளியே வர வாந்தி எடுத்தேன்? என் ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, பத்துப் பேர் போய்வருகிற அந்தக் கூடத்திலேயே சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டேன்.