கழித்தல் குறி விழுந்த ஆறு வரிகள்

என் தங்கையை வீட்டில் பம்பரம் என்போம். ஓரிடத்தில் நிற்க மாட்டாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளைச் சோதித்து அனுப்புவது என் வேலை. அவளோ ஆராய்ச்சி மாணவி. அணுவைவிடச் சிறிய ஒன்று, சுற்றியுள்ள வெப்பத்தோடு பட்டும் படாமலும் உறவாடி, நேரம் போகப்போக எப்படி மாறும் என்று கணக்குப் போடுகிறாள். தனியாக அடைத்து வைத்ததற்குக் கணக்கு சுலபமாம். கதவு திறந்திருந்தால்தான் வம்பாம்.

ஆய்வேட்டைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மாலை நான்கு மணி தாண்டினால் ஐந்து வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளி. நான் விடுப்பு எடுத்துப் பக்க எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

"ஏய், இந்த வாய்ப்புங்கிறது என்னடி?"

"நூறு தடவை பார்த்தா எத்தனை தடவை நடக்கும்ங்கிறது. இப்பதான் உனக்குப் பாடம் கேக்கணுமா?"

"அது சைபருக்குக் கீழ போகுமா?"

"எப்படிக்கா போகும்? நடக்கவே நடக்காதுங்கிறதுக்கும் கீழ என்ன இருக்கு?"

"அப்ப இது என்ன?"

எண்பத்து மூன்றாம் பக்க அட்டவணையில் முதல் ஆறு வரி எண்களுக்கு முன்னால் கழித்தல் குறி. வரைபடத்தில் அந்த இடம் சைபர் கோட்டோடு ஒட்டிக் கிடந்ததால் அவள் கண்ணில் படவில்லை. நடந்துகொண்டிருந்தவள் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சுத்தி இருக்கிற வெப்பம் எதையும் ஞாபகம் வச்சுக்காது, உடனே மறந்துடும்னு நினைச்சு எழுதின சமன்பாடுக்கா. ஆரம்பத்துல அது இன்னும் மறந்திருக்காது. அதான் சமன்பாடு உளறுது."

கூடப் படிக்கும் தோழிக்குப் போன் செய்தாள். "ஆறு வரியையும் தூக்கிடு. யாரு தேடப்போறா?" என்றாள் அந்தப் பெண்.

தங்கை என்னைப் பார்த்தாள். "உங்க கம்பெனில என்ன பண்ணுவீங்க?"

"காலர்ல ஓட்டைன்னா காலரையே வெட்டியா அனுப்புவோம்? ஓட்டை இருக்கிற இடத்துல அம்புக்குறி சீட்டு ஒட்டுவோம்."

வரிகளை அப்படியே விட்டாள். ஆரம்பத்திலிருந்து இன்ன நேரம்வரை சமன்பாட்டை நம்பக்கூடாது, காரணம் இது என்று ஒரு பக்கம் சேர்த்தாள். பைண்டிங் கடையில் பசை காயும் முன்பே பிடுங்கிக்கொண்டு ஓடினோம். மூன்று ஐம்பதுக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் முத்திரை விழுந்தது.

சில மாதம் கழித்து நடந்த வாய்மொழித் தேர்வில், நான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, வெளியிலிருந்து வந்த பேராசிரியர் நேராக எண்பத்து மூன்றைத் திறந்தார்.

"பல பேர் இதை மறைச்சுடுவாங்க. நீங்க ஏம்மா மறைக்கல?"

"எங்க அக்கா பார்த்துட்டாங்க, சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடும்வரை எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.