காவடியைக் கண்டு படகில் எழுந்தார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கோர்வையாக எழுத வருமா என்ற கூச்சம் ஒன்று. சாமி கும்பிடும்போது வந்த ஆபத்தை வெளியே சொன்னால் சாமியையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் இன்னொன்று. வயதாகிவிட்டது. இனியும் வைத்திருக்க முடியவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம், கொடைக்கானல் ஏரியில் நடந்தது. பழனி அடிவாரத்தில் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை. அதற்கு முந்தின வருஷம் முழுவதும் என் கணவருக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். விடிய விடிய இருமுவார், நான் விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். ஒருவழியாகத் தேறி வந்தபோது டாக்டர், "மலைக்குப் போய் ரெண்டு மாசம் நல்ல காத்து வாங்குங்க. அலையாம ஒரு இடத்துல உக்காருங்க" என்றார். மகளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ஓர் அறை வாங்கித் தங்கினோம்.

உட்காருவதுதான் அவருக்கு வராத காரியம். கடையில் நின்றே பழகிய உடம்பு. அவர் படும் பாட்டைப் பார்த்து, அறை கொடுத்தவர் தன் தூண்டிலையும் சின்னப் படகையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் கணவர் எதிலும் முறை பார்ப்பவர். மீன்துறை ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினார். பதியாத படகைத் தண்ணீரில் இறக்க மாட்டேன் என்று அதற்கும் நடையாய் நடந்து நம்பர் வாங்கினார். படகைப் பார்வையிட்டு நம்பர் எழுதியவர், "ரெண்டு பேருக்கு மேல ஏறாதீங்க. தண்ணிக்குள்ள போனப்புறம் எந்திரிக்காதீங்க" என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். இவர் பயபக்தியாகத் தலையாட்டினார். லைசென்ஸ் முருகன் படத்தடியில் இருக்கும். காலையில் திருநீறு பூசிக்கொண்டு அதையும் மடியில் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார். தனியே விட மனமில்லாமல் நானும் கூடவே படகில் போவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நோய் முழுசாகத் தீரும்வரை மீன், கறி சாப்பிடுவதில்லை என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். அதனால் பிடிக்கிற மீனெல்லாம் பக்கத்துப் படகுக்குப் போகும். அதில் கடைவீதியில் சாக்கு, கயிறு வியாபாரம் செய்யும் ஒரு பாய் தூண்டில் போடுவார்.

"என்னங்க கடைக்காரரே, இன்னைக்கு நம்ம வீட்டுல கொழம்பு உண்டா, ரசந்தானா?"

"முருகன் குடுத்தா உண்டு பாய்."

"அவரு குடுத்துருவாருங்க. நீங்க தூண்டில ஆட்டாம பிடிங்க மொதல்ல!"

அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே நான் கண்ணயர்ந்துவிடுவேன். அந்த வருஷம் எனக்குக் கிடைத்த தூக்கமே அந்தப் படகில்தான்.

பங்குனி உத்திரம் நெருங்கியிருந்தது. அன்று காலை ஏரிக்கரை ரோட்டில் மேளச் சத்தம் கேட்டது. ஊர்க்காரர்கள் காவடி எடுத்து, வில்பட்டி வழியாகப் பழனிக்கு இறங்கக் கிளம்பியிருந்தார்கள். எங்கள் கடை வாசலில் காவடி போனால் இவர் எழுந்து நின்று கும்பிடாமல் இருந்ததே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சோற்றுக்கையோடு எழுந்துவிடுவார். அரோகரா என்ற சத்தம் தண்ணீர்மேல் வந்ததும் அன்றும் எழுந்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார் என்று பாய் பிறகு சொன்னார். நான் தூக்கத்தில் இருந்தேன்.

படகு ஆடிய ஆட்டத்தில் நான் கண் விழித்தபோது எதிரே அவர் இல்லை. எங்கள் இருவருக்குமே நீச்சல் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, அலுப்பு. ஒரு வருஷமாகக் காப்பாற்றிக் கொண்டுவந்தேனே, முருகா, இன்னுமா என்று.

பிறகு அவர் தலை மேலே வந்தது. நனைந்த கம்பளிச் சட்டை அவரைக் கீழே இழுத்தது. எப்படியோ படகு விளிம்பை ஒரு கையால் பிடித்துவிட்டார். தூக்கிவிடலாம் என்று நான் எழுந்து குனிந்தேன். படகு அவர் பக்கமே சாய்ந்து தண்ணீர் உள்ளே கொட்டியது.

"எந்திரிக்காத தங்கச்சி! உக்காரு!" என்று பாய் கத்தினார். எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர்.

"அவரு போறாரு அண்ணே!"

"போக மாட்டாரு. நீ எந்திரிச்சா ரெண்டு பேரும் போவீங்க. அந்தப் பக்கமாத் தள்ளி உக்காரு. அவரத் தொடாத! கடைக்காரரே, ஏறப் பாக்காதீங்க, பிடிச்சுக்கிட்டுச் சும்மா கெடங்க. இந்தா, வந்துட்டேன்!"

நான் எதிர்ப்பக்க ஓரத்தில் உட்கார்ந்தேன். படகு நிமிர்ந்தது. அவருடைய நாலு விரல் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. குளிரில் வெளுத்து, ஒவ்வொன்றாக நழுவி மறுபடி பிடித்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். நீட்டாமல் இருந்தேன். ஒரு வருஷம் கண் விழித்ததெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பாய் தன் படகை எங்கள் படகோடு ஒட்டிக் கொண்டுவந்து, கயிற்றை வளையமாகப் போட்டு அவர் அக்குளுக்குள் கொடுத்தார். தன் படகின் பின்பக்கத்தை அவர் இரு கையாலும் பிடித்துக்கொள்ளச் செய்து, கயிற்றை இறுக்கிக் கட்டி, மெதுவாகத் துடுப்புப் போட்டார். காவடிக்கூட்டத்தில் வந்த ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்கினார்கள். என் படகை யாரோ பிறகு இழுத்து வந்தார்கள். கரைக்கு வந்த பின்னும் நான் எழவில்லை. எழுந்திரும்மா என்று இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பாயின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இவர் பல்லெல்லாம் அடிக்க, "கும்பிடத்தானே பாய் எந்திரிச்சேன்" என்றார்.

"அதாங்க தப்பு. படகுல நிக்க முடியலேன்னா உக்காந்தே தொழுதுக்கலாம்னு எங்களுக்குச் சொல்லியிருக்கு. தொழுகை நேரம் வந்தா நான் இங்க உக்காந்துதான் தொழுவேன். உங்க சாமி மட்டும் முங்கிக் கும்பிடச் சொன்னாராக்கும்?"

இவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. அதன்பிறகு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. நான் மறுபடி கண் விழித்தேன். அதோடு சரி, நோய் விட்டது. பல வருஷம் நன்றாக இருந்து, பேரன் பேத்தி பார்த்துத்தான் போனார்.

ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் இதை விடவில்லை. முருகனே பாய் வேஷத்தில் வந்தான் என்றார்கள். கயிறு தானாக வந்து சுற்றியது என்றார்கள். ஒருமுறை பழனிக்கு வந்த பாயிடம் இதைச் சொன்னேன். அவர் பதறிப்போய், "வேண்டாம் தங்கச்சி, நான் சாக்கு விக்கிறவன். என்னைய மனுசனாவே விடச் சொல்லு" என்றார்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கிறவர்கள், முக்கியமாக ஏரிக்கும் அணைக்கும் தூண்டில் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வீட்டில், தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். மயிலையும் வேலையும் சேர்க்காதீர்கள். அந்த நாலு விரலைத் தொடாமல் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் முருகனை நான் நிஜமாகக் கும்பிட்டேன்; அந்த நேரத்தை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.