புகைக்கு எதிரி சாமித்தம்பி

குருக்கள்மடம் கிராமத்தில் சாமித்தம்பியோடு முகம் கொடுத்துப் பேச அந்த வருடம் ஒருவரும் இல்லை. மனிதரின் வாய் அப்படி. சுனாமியன்று கடற்சேற்றைக் குடித்துப் பிழைத்த நெஞ்சு அவருடையது. ஆறு வருடமாகியும் மூச்சிழுப்பு விடவில்லை. நாட்டில் சண்டை ஓய்ந்து, விடியற்காலையில் பயமில்லாமல் நடக்கலாம் என்ற காலம் வந்ததும் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"தினமும் நடக்கணும். நடக்காட்டி நெஞ்சு இறுகிரும். புகைக்குள்ள நடந்தா இன்னும் கெதியா இறுகும்."

அவர் நடக்கிற நேரத்தில்தான் ஊரே வீட்டு வளவு கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கும். சருகோடு ஷொப்பிங் பையும் யோகட் கோப்பையும் சேர்ந்து எரியும். கண்ட நெருப்பையெல்லாம் சாமித்தம்பி மிதித்து அணைத்தார். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கண்ணகையின் குவியலில் ஒரு வாளி தண்ணீரையே ஊற்றினார்.

"புகை போட்டு ஆளைக் கொல்லப் பாக்கிறயா கா?"

"குப்பை ட்ரக்டர் இந்த ஒழுங்கைக்குள்ள வராது. தார் ரோட்டுக்கு முக்கால் கட்டை தூரம். ஆரு சுமக்கிற?"

"அது உன்ட பாடு!"

மறுநாள் மூன்று வளவுகளில் ஈரத் தேங்காய்ப் பொச்சுமட்டையாகப் பார்த்துப் போட்டு எரித்தார்கள். வேண்டுமென்றேதான். இருமி இருமி, பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பினார். அவ்வளவு வெள்ளென அவர் என்றுமே திரும்பியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் புகை எழும்பிக்கொண்டிருந்தது. மனைவி சீதேவிப்பிள்ளை தடியால் நெருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றாள்.

"நீயுமா?"

"இந்த வீட்டுக் குப்பை எங்க போகுதெண்டு ஒருநாளாவது கேட்டீங்களா? நீங்க நடந்து வாறத்துக்குள்ள எரிஞ்சிரும். எத்தின வருசமா இப்படித்தான்."

வேலிக்கு அப்பால் கண்ணகை சிரித்தாள். "ஊருக்குத்தான் உபதேசம்!"

சாமித்தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. வெட்கம் ஒரு பக்கம், வெட்கப்பட வைத்தார்களே என்ற ஆத்திரம் மறுபக்கம்.

அடுத்த நாள் காலை சீதேவிப்பிள்ளை ஒரு பையைக் கட்டி அவர் கையில் திணித்தாள். "கையை வீசிக்கிட்டுத்தானே நடக்கிறீங்க. இதைக் கொண்டுபோய் ட்ரக்டர்ல போடுங்க."

கண்ணகையும் ஒரு பையோடு வழியில் நின்றாள். "இதையும்."

அவர் முறைத்தார். மறுத்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் நெருப்பு. வாங்கினால் நாளைக்கும் தருவாள், பார்த்தவர்களும் தருவார்கள்.

"கொண்டா!" என்று பறித்தார்.

தார் ரோட்டை அடையுமுன் அவர் கையில் ஏழு பைகள். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அவரும் ஒருவரையும் மன்னிக்கவில்லை. மூச்சு மட்டும் அன்று இழுக்கவில்லை.