அம்மா கையால் சாப்பிடாத நாற்பது நாள்

பதினாறு வயதில், ஆண்டவர் எனக்கென்று ஒரு வேலை வைத்திருக்கிறார் என்று நம்பினேன். அந்த வேலையைச் செய்தும் முடித்தேன். என் அம்மாவின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டதுதான் அந்த வேலை.

போன மாதம் எங்கள் சபையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வாலிபர் கூட்டத்தில் நான் வந்து பேச வேண்டுமாம். தலைப்பு, உன்னைக் குறித்த தேவ நோக்கம். "அக்கா, நீங்க ஸ்கூலு படிக்கும்போதே அவ்ளோ வைராக்கியமா நின்னீங்களாமே. பாஸ்டர் ஐயா சொன்னாரு. அந்தச் சாட்சிய வந்து சொல்லுங்கக்கா" என்றாள். வைராக்கியமாம்! முடியாதும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். என்னிடம் சாட்சி இல்லாமல் இல்லை. அதை அந்த மைக்கில் சொன்னால் பாதியிலேயே கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் வரிசையாக இருக்கிற பக்கத்தில், பொம்மை செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் அம்மா வேலை பார்த்தாள். அப்பா செத்த வருஷம் சேர்ந்த வேலை. அங்கே பெண்கள் ஏழெட்டுப் பேர். அச்சில் ஊற்றுவது, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது, சூளைக்கு அடுக்குவது, எல்லாரும் எல்லாமும் செய்வார்கள். கண் எழுதுவது மட்டும் அம்மா. பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் இரண்டு மாதம் அம்மாவின் மேஜையில் முகமில்லாத பிள்ளையார்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். "வேதக்காரம்மா கை வச்சாத்தான் புள்ளையாரு சிரிக்கிறாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முதலாளி பெருமையடித்துக்கொள்வார். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் வேதக்காரர்கள் என்பார்கள். கிறிஸ்துமஸ் அன்று அம்மா கேட்காமலே லீவு கொடுக்கிற மனிதர் அவர்.

சூளைக்குப் போகுமுன் ஒவ்வொருத்தியும் சாமானின் அடியில் தன் அடையாளத்தை வைப்பாள். விரிசல் விட்டால், கோணிக்கொண்டால், யார் கை என்று தெரிய வேண்டுமே. அம்மாவின் அடையாளம் நீலத்தில் மூன்று புள்ளி. எங்கள் வீட்டு டீ கோப்பை, உப்பு ஜாடி எல்லாமே கோணிப்போய்க் கழித்துவிட்டவைதான். எதைக் கவிழ்த்தாலும் மூன்று புள்ளி இருக்கும். அ, ஆ படிக்கும் முன்பே அந்தப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு வாழ்க்கையில் இரண்டு விஷயம்தான் இருந்தது. ஒன்று அந்தக் கண் எழுதுகிற தூரிகை. இன்னொன்று மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் கொடுக்கிற திருவிருந்து. ஒரு துண்டு அப்பம், கட்டைவிரல் அளவுக் கோப்பையில் திராட்சை ரசம், அவ்வளவுதான். அதற்காக வெள்ளைப் புடவையை முந்தின நாளே துவைத்துப் போடுவாள். அந்த வாரம் முழுக்கத் தெருக்குழாயில் யாரோடும் வாய்ச்சண்டை போட மாட்டாள். அப்பா செத்ததிலிருந்து ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை.

பத்தாவது முடித்த கோடை லீவில் வேப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாலிபர் முகாம் நடந்தது. மூன்று நாள். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் தலைக்கு ஒரு ரோஸ் கலர் அட்டை கொடுத்தார். உன்னைப் படைத்ததற்கு ஆண்டவர் வைத்திருக்கும் நோக்கம் என்ன? ஜெபித்துக் கேட்டு அட்டையில் எழுத வேண்டும். ஊருக்குப் போனதும் அவரவர் சபையில் மைக் முன்னால் படிக்க வேண்டும். நோக்கம் தெரியாத பிள்ளை மேய்ப்பன் இல்லாத ஆடு என்றார். கேட்ட பிள்ளைகளெல்லாம் பயந்து போனோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் இரண்டாம் நாளே வடநாட்டு ஊழியம் என்று எழுதிவிட்டாள். நானும் கண்ணை மூடி மூடிப் பார்த்தேன். ஹைவேயில் போகிற லாரி ஹாரன்தான் கேட்டது. ஆண்டவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி நாள் விக்கிரகங்களைப் பற்றிப் பிரசங்கம். அருவருப்பு, அருவருப்பு என்று அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அடடா, என் வீட்டிலேயே இருக்கிறதே! எனக்கு வந்தது துக்கமில்லை, சந்தோஷம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது. வடநாட்டுக்காரியைவிடப் பெரிய நோக்கம் கிடைத்துவிட்டது என்று குதித்துக்கொண்டு எழுதினேன்.

அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்தேன். "எங்க வூட்ல விக்கிரக வேல நடக்குது. எங்கம்மா கையாலதான் அதுக்குக் கண்ணு வைக்கிறாங்க. எங்கம்மாவ அதுலேருந்து வெளிய கொண்டாறதுதான் ஆண்டவர் எனக்கு வச்ச நோக்கம்." சொல்லும்போதே அழுகையை வேறு வரவழைத்துக்கொண்டேன். சபையே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று எழும்பியது. பெண்கள் பக்கம் மூன்றாவது பாயில் அம்மா இருந்தாள். எல்லாரும் கையை உயர்த்தியபோது அவளும் உயர்த்தினாள், அப்புறம்தான் சொன்னது என்னவென்று புரிந்திருக்கும் போல. கை மெதுவாக இறங்கியது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயா அம்மாவைக் கூப்பிட்டார். "சிஸ்டர், இவ்ளோ நாளு தெரியாம இருந்துச்சு. இப்ப சபைக்கு முன்னாடி வந்துடுச்சு. அந்த வேலைய வுடுற வரைக்கும் திருவிருந்துல கலந்துக்காதீங்க" என்றார். தெரியாமல் இருந்ததாம்! ஞாயிறு தவறாமல் "சீசன் எப்டிம்மா போவுது, சூள எரியுதா" என்று சிரித்துக்கொண்டே கேட்ட வாய் அது. என்ன மனுஷனோ! அம்மா அவரை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். "சரிங்க ஐயா" என்றாள்.

வீட்டுக்கு வந்து புடவையை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏண்டி, எல்லார் முன்னாடியும் சொல்றதுக்கு மின்ன என்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலயா ஒனக்கு?"

"ஆண்டவரு சொல்லச் சொன்னாரும்மா."

"பன்னெண்டு வருஷமா நான் கண்ணு எழுதறது அவருக்குத் தெரியும். என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. உங்கிட்ட மட்டும் சொன்னாரா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா தட்டில் சோறு போட்டாள். கத்திரிக்காய் குழம்பு, எனக்குப் பிடித்தது. நான் தட்டைத் தள்ளினேன். "அதுங்களத் தொட்ட கையால எனக்குச் சோறு போடாத" என்றேன்.

சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். சீ! இதை எழுதும்போது விரல் கூசுகிறது.

அன்றிலிருந்து காலையும் ராத்திரியும் பாஸ்டர் வீட்டில் சாப்பாடு. ஸ்கூல் திறந்தபின் மத்தியானம் உபவாசம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்படி பட்டினி கிடந்தேன். பாஸ்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "சின்னப் புள்ள, எப்டி வைராக்கியமா நிக்குது பாருங்க" என்பார். உப்பில்லாத அந்தச் சாம்பாரை விழுங்கிக்கொண்டு தலையைக் குனிந்து கொள்வேன், தாழ்மையாம்! அம்மா ஒருநாளும் என்னைத் திட்டவில்லை. இரண்டு பேருக்கும்தான் உலை வைப்பாள். காலையில் பார்த்தால் என் பங்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றியிருக்கும்.

மூன்றாவது வாரம் அவளாகவே முதலாளியிடம் போய், கண் எழுத முடியாது, கல்லும் மண்ணும் மாவாக அரைக்கிற ஷெட்டில் வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்த மனிதர் பதறிப்போய் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வராமல் வாசலில் நின்றபடி என்னிடம் சொன்னார். "பாப்பா, கண்ணுக்கு நான் வேற ஆளு வச்சிக்கிறேன், அது பெருசில்ல. அந்த ஷெட்டுத் தூசி உங்கம்மாவுக்கு ஆவாது. நெஞ்சப் புடிச்சிக்கும். நீ சொன்னா கேப்பாங்க." நான் அவருக்கு ஒரு வசனம் சொன்னேன். பொம்மைக்குக் கும்பிடு போடுகிறவர் வாசலில் நிற்கிறாரே, மனந்திரும்பட்டும் என்று! அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா ஷெட்டுக்குப் போனாள். சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். "இப்ப சாமி பொம்ம ஒண்ணையும் தொடறதில்லடி. வந்து சாப்புடு" என்றாள். நான் ஓடிப்போய் ஐயாவிடம் கேட்டேன். "கம்பெனி அதேதானம்மா. முழுசா வெளிய வரட்டும், பாக்கலாம்" என்றார். அப்படியே வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. அந்த ஷெட்டில்தான் அம்மா நான்கு வருஷம் இருந்தாள். இன்றைக்கு அவள் தலைமாட்டில் இன்ஹேலர் இருக்கிறது.

ஜூன் கடைசியில் கம்மாபுரம் பக்கம் ஒரு விசுவாசியின் வயலில், மோட்டார் கொட்டகைத் தொட்டியில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அம்மா டவலோடு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பாஸ்டரம்மா நீட்டிய டவலை வாங்கிக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு எனக்கு முதல் திருவிருந்து. அம்மா பின்னால் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், இருமல் மட்டும் கேட்டது. தட்டு வந்தது. அப்பத்தை வாயில் போட்டேன். வெள்ளைக் கோப்பை, வாயில் வைத்ததும் வழவழவென்று இருந்தது. ரசத்தைக் குடித்துவிட்டுத் தட்டில் வைக்கும்போது அது கவிழ்ந்தது.

அடியில் நீலத்தில் மூன்று புள்ளி.

பக்கத்துக் கோப்பையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று புள்ளி. அதற்கடுத்ததிலும் மூன்று புள்ளி. எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தட்டை அடுத்தவளிடம் நகர்த்திவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து சத்தமாக ஆமென் சொன்னேன்.

எல்லாரும் போனபின் பாஸ்டரம்மா பின்பக்கம் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் யாரு குடுத்தது?" என்று கேட்டேன்.

"உங்கம்மாதான். நாலு வருஷம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒக்காந்து ஒக்காந்து செஞ்சாங்களாம். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு ஐயாகிட்ட குடுத்துட்டுப் போனாங்க."

"அதே கம்பெனியில, அதே சூளையிலதான இதுவும் வெந்துது?"

அவர் குழாயை மூடினார். "அது வேற, இது வேற. இது காணிக்க" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தார். அவர்மேல் வந்த அருவருப்பு பாதிதான். அந்த வீட்டுச் சாம்பாரை நாற்பது நாள் தின்ற என் நாக்கின் மேல் வந்தது மீதி. அந்தக் கோப்பைகளில்தான் இன்றைக்கும் திருவிருந்து நடக்கிறது. ஒரு வருஷம் கழித்து, அம்மா இன்னும் அதே கம்பெனியில் இருக்கும்போதே ஐயா, "பரவால்ல சிஸ்டர், இனிமே கலந்துக்கங்க" என்றார். அம்மா இப்போதும் சபைக்குப் போகிறாள். தட்டு வந்தால் தான் எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடுகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கில்லை.

அன்று அம்மா போய் அரை மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். வெள்ளைப் புடவையை மாற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவள்தான் கேட்டாள்.

"கோப்ப வெளிம்பு ஒதட்டுல குத்தலயே?"

"இல்லம்மா."

"பஞ்சு வச்சி நல்லாதான் தேச்சேன். மொத மொத வாங்குற புள்ளைங்களும் அதுல குடிக்குமேன்னு, ஒவ்வொண்ணயும் என் ஒதட்டுல வச்சிப் பாத்துட்டுதான் சூளைக்கு வுட்டேன். நீயும் ஒருநாளு குடிப்பன்னு நெனச்சிக்குவேன்."

சுவரோரம் அப்படியே உட்கார்ந்தேன். "பசிக்குதும்மா" என்றேன். அது ஒன்றுதான் வாயில் வந்தது.

அம்மா சட்டென்று எழுந்தாள். சோற்றுப் பானைப் பக்கம் போனவள் பாதியில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு ஈரக் கையை என் முன்னால் நீட்டிக் காட்டி, "இப்ப போடலாமா?" என்று கேட்டாள்.